‘அ’ பிரிவு, ‘ஆ’ பிரிவு: இது எந்த வகைச் சோதனை?

கேள்வி இது: “ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவுக்குச் செயல்வழிக் கற்பித்தல், ‘ஆ’ பிரிவுக்கு வழக்கமான கற்பித்தல். இரண்டுக்கும் முன்தேர்வு, பின்தேர்வு வைத்தேன். எந்தப் பிரிவுக்கு எந்த முறை என்பதைக் காசு சுண்டித்தான் முடிவு செய்தேன். அதனால் என் எம்.எட். ஆய்வேட்டில் ‘உண்மைச் சோதனை வடிவமைப்பு’ என்று எழுதினேன். வழிகாட்டி அதை அடித்துவிட்டு, இது எந்த வடிவமைப்பு, இதன் ஏற்புடைமைக்கு என்னென்ன அச்சுறுத்தல்கள் என்று எழுதி வரச் சொல்கிறார். ஒரு ஆய்வைப் பார்த்ததும் இதையெல்லாம் எப்படி அடையாளம் காண்பது?”

உங்கள் வழிகாட்டி அடித்தது சரி. காசு சுண்டியதும் நல்ல காரியம்தான். ஆனால் ஒரே ஒரு முறைதான் சுண்டியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முறையியல் பாடத்தில் இதற்கென்றே ஒரு பிரபலமான அட்டவணை உண்டு. 1963-இல் டொனால்ட் காம்பெல், ஜூலியன் ஸ்டான்லி என்ற இரண்டு அமெரிக்கர்கள் பதினாறு வடிவமைப்புகளை வரிசைப்படுத்தி, எந்த வடிவமைப்பு எந்த அச்சுறுத்தலைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று கூட்டல், கழித்தல் குறி போட்டுக் காட்டினார்கள். அதில் ஆர் என்றால் சமவாய்ப்பு, அதாவது குலுக்கல் முறை, எக்ஸ் என்றால் நாம் செய்யும் தலையீடு, ஓ என்றால் அளவீடு. நாம் இதை மனப்பாடம் செய்து தேர்வெழுதிப் பழகிவிட்டோம். அதனால்தான் ‘முதிர்ச்சி என்றால் என்ன’ என்ற இரண்டு மார்க் கேள்விக்கு அழகாக எழுதும் மாணவர், ‘உங்கள் ஆய்வில் முதிர்ச்சி எங்கே புகுந்தது’ என்று வைவாவில் கேட்டால் விழிக்கிறார். அட்டவணை தப்பில்லை. ஆனால் அதிலிருந்து தொடங்கினால் எதுவும் பிடிபடாது.

ஒரு ஆய்வைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது ஒரே ஒரு பதில்: யாருக்கு எது என்று யார் முடிவு செய்தார்கள்?

ஆய்வாளர் எதையுமே மாற்றவில்லை, ஏற்கெனவே நடந்துவிட்டதைப் பார்த்து ஒப்பிடுகிறார் என்றால் அது சோதனையே இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களையும் தனியார் பள்ளி மாணவர்களையும் ஒப்பிடுவது இந்த ரகம். இரண்டு குழு இருக்கிறது, ‘டி’ சோதனை (இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலானதா என்று பார்க்கும் கணக்கு) போட்டிருக்கிறார்கள் என்பதற்காக அது சோதனை ஆகிவிடாது. அடுத்து, ஆய்வாளர் ஏதோ செய்தார், ஆனால் ஒப்பிட வேறு யாரும் இல்லை. ஐம்பது பேருக்கு யோகா கற்றுக்கொடுத்து முன்னும் பின்னும் மன அழுத்தத்தை அளந்தார். இது முன்னிலைச் சோதனை. சோதனையின் வாசல்படி வரை வந்தது, அவ்வளவுதான். ஒப்பிட ஒரு குழு இருக்கிறது, ஆனால் அந்தக் குழுக்கள் ஆய்வாளர் வருவதற்கு முன்பே உருவானவை, வகுப்புகள், கிராமங்கள், மருத்துவமனை வார்டுகள் போல என்றால் அது குவாசி எக்ஸ்பெரிமென்ட். நான் இதைப் ‘பகுதிச் சோதனை’ என்று எழுதுவேன். ஒரு ஆய்வேட்டில் ‘போலிச் சோதனை’ என்று மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்; எழுதியவர் தன் உழைப்பையே திட்டிக்கொண்டது போல இருந்தது. கடைசியாக, ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகக் குலுக்கல் போட்டு இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம் என்று பிரித்திருந்தால்தான் அது உண்மைச் சோதனை.

இங்கே நிறையப் பேர் சறுக்கும் ஒரு இடம் உண்டு. சமவாய்ப்பு முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது வேறு, தேர்ந்தெடுத்தவர்களைச் சமவாய்ப்பு முறையில் பிரிப்பது வேறு. மாவட்டத்தில் உள்ள பள்ளிகளைக் குலுக்கிப் போட்டு இரண்டை எடுத்தேன் என்பது தேர்வு. அது உங்கள் முடிவு மற்ற பள்ளிகளுக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு உதவும். பிரிப்புதான் ‘வித்தியாசத்துக்குக் காரணம் என் கற்பித்தல் முறையா’ என்ற கேள்விக்கு உதவும். ஆய்வேட்டில் ‘சமவாய்ப்பு’ என்ற சொல்லைப் பார்த்ததும் எதைச் சமவாய்ப்பு முறையில் செய்தார்கள் என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பாதி ஆய்வேடுகளின் வண்டவாளம் அங்கேயே தெரிந்துவிடும்.

சரி, வடிவமைப்பு தெரிந்துவிட்டது. ஏற்புடைமை என்றால் ஆய்வின் முடிவை எவ்வளவு நம்பலாம் என்பது. அதற்கு அச்சுறுத்தல் என்பது என்ன? வித்தியாசம் வந்திருக்கிறது, ஆய்வாளர் ‘என் தலையீட்டால் வந்தது’ என்கிறார். ‘இல்லை, வேறு ஒன்றால் வந்தது’ என்று நம்பும்படி ஒரு கதை உங்களால் சொல்ல முடிந்தால், அந்தக் கதைதான் அச்சுறுத்தல். அந்த ஆய்வு நடந்த இடத்தை, ஆட்களை, மாதத்தை வைத்துக் கதை சொல்ல வேண்டும். பெயரை அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம். பழைய ஆய்வுகள் சிலவற்றை எடுத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயரில் 1930-இல் நடந்த பால் சோதனை, நான் வகுப்பில் முதலில் எடுப்பது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் பால் கொடுத்தால் உயரமும் எடையும் கூடுமா என்பது கேள்வி. 67 பள்ளிகள், 20,000 பிள்ளைகள். 10,000 பேருக்குத் தினமும் முக்கால் பைன்ட், அதாவது 400 மில்லிக்குச் சற்று மேல், பால். அவர்களில் பாதிப்பேருக்குக் காய்ச்சாத பால், பாதிப்பேருக்குப் பாஸ்டுரைஸ் செய்தது. மீதி 10,000 பேருக்கு எதுவும் இல்லை. பிப்ரவரியில் ஒருமுறை அளந்தார்கள், ஜூனில் ஒருமுறை. இவ்வளவு பெரிய எண்ணிக்கையைப் பார்த்தால் யாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

வாயை மூடாதவர் வில்லியம் கோசெட். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதியவர். நீங்கள் முன்தேர்வு, பின்தேர்வுக்குப் போடப்போகும் ‘டி’ சோதனை அவர் தந்ததுதான். 1931-இல் இந்தப் பால் சோதனையை எடுத்துப் பிரித்து மேய்ந்துவிட்டார்.

பிள்ளைகளைப் பிரித்தது எப்படி? சில பள்ளிகளில் குலுக்கல், சில பள்ளிகளில் பெயரின் அகரவரிசை. அதுவரை பரவாயில்லை. ஆனால் ஒரு பக்கம் நன்றாகச் சாப்பிட்ட பிள்ளைகளோ நலிந்த பிள்ளைகளோ அதிகமாகச் சேர்ந்துவிட்டதாகத் தெரிந்தால் ஆசிரியர்கள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை கொடுத்திருந்தார்கள். ஆசிரியரும் மனிதர்தானே. பால் கிடைக்கும் பக்கத்துக்கு வீட்டில் பால் இல்லாத பிள்ளையைத் தள்ளத்தான் மனம் வரும். சோதனை தொடங்கும்போதே, பால் பெறாத குழு பால் பெறும் குழுவைவிட உயரத்திலும் எடையிலும் முன்னால் இருந்தது. எடையில் ஏறக்குறைய மூன்று மாத வளர்ச்சி, உயரத்தில் நான்கு மாத வளர்ச்சி அளவுக்கு. யாரும் ஏமாற்றவில்லை. இரக்கம்தான் காரணம். ஆனால் இரண்டு குழுவும் ஒன்றல்ல என்பது உறுதியாகிவிட்டது. அட்டவணையில் இதன் பெயர் தேர்வுச் சார்பு.

கோசெட் அத்தோடு விடவில்லை. பிள்ளைகளை உடையோடு எடை போட்டிருந்தார்கள். பிப்ரவரியில் குளிருக்கான கனமான உடை, ஜூனில் மெல்லிய உடை. எல்லோருக்கும் அப்படித்தானே, இதில் என்ன என்று கேட்கலாம். வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் குளிர்கால உடை கனமாக இருக்கும், கோடையில் அது கழன்றுவிடும். ஏழைப் பிள்ளைக்கு இரண்டு காலத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே உடை. ஆக, வசதியான பிள்ளைகள் அதிகம் உள்ள பக்கத்தில் எடைக் கூடுதல் குறைவாகத் தெரியும், ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள பக்கத்தில் அப்படித் தெரியாது. பால் ஒரு சொட்டுக்கூட வேலை செய்யாவிட்டாலும் பால் குழு ஜெயித்ததாகக் காட்டும். அளவுகோலில் உள்ள கோளாறும் ஆட்களைப் பிரித்ததில் உள்ள கோளாறும் கைகோத்துக்கொள்ளும் இடம் இது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சின்ன விஷயம்.

இன்னொன்றும் சொன்னார். எந்த ஒரு பள்ளியிலும் இரண்டு வகைப் பாலும் கொடுக்கவில்லை. ஒரு பள்ளியில் ஒரே வகைதான். அப்படியானால் காய்ச்சாத பால் நல்லதா, பாஸ்டுரைஸ் செய்தது நல்லதா என்று ஒப்பிடும்போது உண்மையில் ஒப்பிடுவது பாலையா, பள்ளிகளையா? இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் இரண்டு பிரிவுகளுக்கும் இதுவேதான் வரப்போகிறது. 20,000 பேருக்குப் பதிலாக 50 இணை ஒத்த இரட்டையர்களை எடுத்து, ஒவ்வொரு இணையிலும் ஒருவருக்குக் காய்ச்சாத பால், மற்றவருக்குப் பாஸ்டுரைஸ் செய்தது என்று காசு சுண்டிப் பிரித்திருந்தால் இதைவிட நம்பகமான பதில் மிகக் குறைந்த செலவில் கிடைத்திருக்கும் என்பது அவர் கணக்கு. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் தற்செயலான பிழை குறையும். ஒரே பக்கமாகச் சாயும் பிழைக்கு எண்ணிக்கை மருந்தாகாது.

இதே கதையின் மறுபக்கம் அமெரிக்காவில் 1954-இல் நடந்த சால்க் போலியோ தடுப்பூசிச் சோதனை. ஒரே மருந்து, ஒரே ஆண்டு, ஆனால் இரண்டு வடிவமைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. வடிவமைப்பு மாறினால் என்ன ஆகும் என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் வடிவமைப்பு: இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பெற்றோர் சம்மதித்தவர்களுக்கு ஊசி. ஒன்றாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முழுவதும் ஒப்பீட்டுக் குழு. கேட்க நியாயமாக இருக்கிறது, வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டாவது வடிவமைப்பு: பெற்றோர் சம்மதித்த பிள்ளைகளை மட்டும் எடுத்துச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தடுப்பூசி, மறு பாதிக்கு மருந்தில்லாத போலி ஊசி. எது எந்தப் பிள்ளைக்குப் போனது என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, நோயைக் கண்டறியும் மருத்துவருக்கும் தெரியாது.

இரண்டாவது வடிவமைப்பில் தடுப்பூசிக் குழுவில் லட்சத்துக்கு 28 பேருக்குப் போலியோ, போலி ஊசிக் குழுவில் லட்சத்துக்கு 71. சம்மதிக்காத வீட்டுப் பிள்ளைகளில் லட்சத்துக்கு 46. இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். சம்மதிக்காதவர்களுக்கும் ஊசி இல்லை, போலி ஊசிக் குழுவுக்கும் மருந்து இல்லை. ஆனாலும் 46 எங்கே, 71 எங்கே! சம்மதித்த குடும்பங்களும் சம்மதிக்காத குடும்பங்களும் ஒரே மாதிரி இல்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. சம்மதித்தவர்கள் சராசரியாக வசதி கூடியவர்கள். போலியோவில் ஒரு விசித்திரம் உண்டு: சுகாதாரம் குறைந்த சூழலில் வளரும் குழந்தைக்கு, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்போதே கிருமி லேசாகத் தாக்கிப் பாதுகாப்பு கொடுத்துவிட்டுப் போய்விடும். சுத்தமான வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி வயதில்தான் முதல் தாக்குதல், அது கடுமையாக இருக்கும். ஆக வசதியான வீட்டுப் பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம்.

இப்போது முதல் வடிவமைப்புக்கு வாருங்கள். ஊசிக் குழுவில் லட்சத்துக்கு 25. ஒன்றாம், மூன்றாம் வகுப்புகளில் 54. அங்கே சம்மதம் கேட்கப்படவே இல்லை, அதனால் ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளும் குறைவான பிள்ளைகளும் கலந்திருக்கிறார்கள். 71 என்று இருக்க வேண்டிய இடத்தில் 54 வந்து, தடுப்பூசி தன் உண்மையான பலனைவிடக் குறைவாக வேலை செய்ததாகக் காட்டிவிட்டது. தேர்வுச் சார்பு என்றால் எப்போதும் நம் முறையைத் தூக்கிக் காட்டும் என்று நினைக்காதீர்கள். இறக்கியும் காட்டும். அச்சுறுத்தலை எழுதும்போது அது எந்தப் பக்கம் தள்ளும் என்றும் ஒரு வரி எழுதுங்கள். மாணவர்கள் யாரும் இதை எழுதுவதே இல்லை.

அடுத்த அச்சுறுத்தல், பள்ளிகளில் தினமும் நடப்பது, ஆனால் யாருக்கும் கண்ணில் படாதது. காலாண்டுத் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய இருபது பேரை ‘மெல்லக் கற்போர்’ என்று பிரிக்கிறோம். சிறப்பு வகுப்பு. அரையாண்டில் பார்த்தால் பெரும்பாலானவர்கள் ஏறியிருக்கிறார்கள். சிறப்பு வகுப்பு வெற்றி! ஆனால் காலாண்டுத் தேர்வன்று காய்ச்சலோடு வந்த பிள்ளை, தெரிந்த பாடம் ஒன்றும் கேள்வித்தாளில் வராத பிள்ளை, முதல் நாள் வீட்டில் சண்டை நடந்த பிள்ளை எல்லாம் அந்த இருபதுக்குள் இருப்பார்கள். அடுத்த தேர்வில் அந்தத் துரதிர்ஷ்டம் அப்படியே திரும்ப வராது. சிறப்பு வகுப்பே இல்லாவிட்டாலும் அந்தக் குழுவின் சராசரி கொஞ்சம் ஏறியிருக்கும். சராசரியை நோக்கித் திரும்புதல் என்பது இதுதான். கடைசிப் பத்துப் பேரை எடுத்தாலும் இது நடக்கும், முதல் பத்துப் பேரை எடுத்தாலும் எதிர்ப்பக்கமாக நடக்கும்.

இதில் ஒரு மாநில ஆளுநரே மாட்டிய கதை உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1955-இல் சாலை விபத்துகளில் 324 பேர் இறந்தார்கள். ஆளுநர் ஏப்ரஹாம் ரிபிகாஃப் அந்த டிசம்பரில் வேகக் கட்டுப்பாட்டைக் கடுமையாக்கினார். வேகமாக ஓட்டினால் உரிமம் போய்விடும். 1956-இல் இறப்பு 284 ஆனது. நாற்பது உயிர்கள் காப்பாற்றப்பட்டன, 12.3 சதவீதக் குறைவு, திட்டம் பயனுள்ளதுதான் என்று அறிவித்தார். ஒரே குழு, முன் அளவீடு ஒன்று, பின் அளவீடு ஒன்று. யோகா ஆய்வின் அதே வடிவமைப்பு.

காம்பெலும் லாரன்ஸ் ராஸும் 1968-இல் இதைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். 1956-இல் பனி குறைவாகப் பெய்திருந்தால்? அது ‘வரலாறு’ என்ற அச்சுறுத்தல். சாலை இறப்பு ஏற்கெனவே குறைந்துகொண்டே வந்திருந்தால்? அது முதிர்ச்சி, அதாவது தலையீடு இல்லாமலே காலப்போக்கில் தானாக நடக்கும் மாற்றம். 1955-இன் இறப்பு எண்ணிக்கையைப் பத்திரிகைகள் பரப்பியதாலேயே மக்கள் பயந்து மெதுவாக ஓட்டியிருந்தால்? அளந்ததே ஆளை மாற்றிவிட்டது என்பது அது. பதிவு செய்யும் முறை மாறியிருந்தால்? கருவி மாற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டம் ஏன் அந்த ஆண்டு வந்தது? அந்த ஆண்டு எண்ணிக்கை உச்சத்தில் இருந்ததால்தான் வந்தது. உச்சத்தைப் பார்த்துப் பயந்து செய்த எந்தத் தலையீட்டுக்குப் பிறகும் எண்ணிக்கை இறங்கத்தான் அதிக வாய்ப்பு. அவர்கள் முன்னும் பின்னும் பல ஆண்டுகளின் எண்ணிக்கையை வரிசையாக வைத்தார்கள், பக்கத்து மாநிலங்களையும் சேர்த்து ஒப்பிட்டார்கள். அப்படி வைத்ததும் 1955-லிருந்து 1956-க்கு இறங்கிய இறக்கம், முந்தைய ஆண்டுகளில் மேலும் கீழும் ஆடிய ஆட்டத்தில் ஒன்று போலத்தான் தெரிந்தது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு போட்டால் எப்போதும் ஏதோ ஒரு சாய்வு வரும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இடையில் விலகியவர்கள்: இரண்டு பக்கமும் எத்தனை பேர் என்பதோடு, விலகியவர்கள் யார் என்பதும் முக்கியம், பலவீனமான பிள்ளைகள் ஒரு பக்கம் மட்டும் நின்றுவிட்டால் அந்தப் பக்கச் சராசரி தானாக ஏறும். தேர்வு அனுபவம்: முன்தேர்வுக் கேள்விகளே பின்தேர்வில் வந்தால் பாதிப் பலன் ஞாபகசக்தியுடையது. இதைப் பிரித்தறிய 1949-இல் ரிச்சர்ட் சாலமன் நான்கு குழு வடிவமைப்பைச் சொன்னார். இரண்டு குழுவுக்கு முன்தேர்வு உண்டு, இரண்டுக்கு இல்லை. அழகான யோசனை, எம்.எட். ஆய்வுக்குக் கட்டுப்படியாகாது. ஹாதார்ன் விளைவு என்ற பெயரை எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரம், சிகாகோ பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் தனி அறையில் உட்காரவைக்கப்பட்ட ஐந்து பெண் தொழிலாளர்கள், ஒப்பீட்டுக் குழு கிடையாது, அதிலும் இருவரை நடுவில் மாற்றினார்கள். ‘கவனிக்கப்படுவதால் உற்பத்தி கூடும்’ என்று அதை வைத்து அடித்துச் சொல்வதே ஏற்புடைமைச் சிக்கல் உள்ள கூற்று என்பதுதான் வேடிக்கை.

இதுவரை சொன்னதெல்லாம் உள் ஏற்புடைமை, அதாவது ‘இங்கே, இவர்களிடம், இதனால்தான் நடந்ததா’. வெளி ஏற்புடைமை வேறு: ‘வேறு இடத்தில், வேறு ஆட்களிடமும் நடக்குமா’. இதற்கு நாம் ஸ்காட்லாந்து, அமெரிக்கா என்று போக வேண்டாம், செங்கல்பட்டே போதும்.

காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைப் பிரிட்டனில் 1950-களில் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தபோது சுமார் 80 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம் முதலியவை சேர்ந்து ஒரு பிரம்மாண்டமான சோதனையைத் தொடங்கின. ஏறக்குறைய 2,60,000 பேர். சமவாய்ப்புப் பிரிப்பு, போலி ஊசி, ஊசி போட்டவருக்கும் போட்டுக்கொண்டவருக்கும் எது எது என்று தெரியாது. உள் ஏற்புடைமைக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தார்கள். ஏழரை ஆண்டுகள் கழித்து வந்த முடிவு: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பும் அதையே சொன்னது.

பிரிட்டன் ஆய்வு தவறா, செங்கல்பட்டு ஆய்வு தவறா? இரண்டும் சரியாக இருக்கலாம். நம் மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் ஏராளம். அவற்றோடு பழகிய உடம்பில் பி.சி.ஜி.யின் கூடுதல் வேலை தெரியாமல் போயிருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆட்களின் தன்மையும் தலையீடும் சேர்ந்து வேறு விளைவைத் தருவது என்று அட்டவணையில் வறட்சியாக எழுதியிருக்குமே, அது இதுதான். (இதைப் படித்துவிட்டு யாரும் குழந்தைக்கு பி.சி.ஜி. போடாமல் விட்டுவிடாதீர்கள். சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதற்காகத்தான் அது இன்றும் போடப்படுகிறது. இந்தச் சோதனை கேட்ட கேள்வி வேறு.)

இனி உங்கள் ‘அ’, ‘ஆ’ பிரிவுகள்.

நீங்கள் காசு சுண்டியது பிரிவுகளுக்கு, மாணவர்களுக்கு அல்ல. எண்பது மாணவர்கள் இருந்தாலும் குலுக்கலில் கலந்துகொண்டது இரண்டே இரண்டு சீட்டு. குலுக்கலின் பலமே, நிறையச் சீட்டுகள் இருக்கும்போது நல்லதும் கெட்டதும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழும் என்பதுதான். இரண்டு சீட்டில் எதுவும் சமமாகாது. நன்றாகப் படிப்பவர்களை ‘அ’ பிரிவில் போடும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், காசு எப்படி விழுந்தாலும் ‘அ’ பிரிவு ‘அ’ பிரிவாகவே இருக்கும். ஆகவே இது சமமற்ற குழுக்களின் முன்தேர்வு-பின்தேர்வு வடிவமைப்பு, பகுதிச் சோதனை வகை. காம்பெல், ஸ்டான்லி வரிசையில் பத்தாவது. அப்படியே எழுதுங்கள். ‘உண்மை’ என்ற சொல் இல்லையென்றால் மார்க் குறையும் என்று பயப்பட வேண்டாம். தவறாக எழுதினால்தான் குறையும்.

அச்சுறுத்தல்களை எழுத, முதலில் தலைமையாசிரியரிடம் போய்ப் பிரிவுகள் எப்படிப் பிரிக்கப்பட்டன என்று கேளுங்கள். மதிப்பெண்ணாலா, பயிற்றுமொழியாலா, சேர்ந்த தேதியாலா? அந்தப் பதில்தான் உங்கள் தேர்வுச் சார்புப் பத்தி. முன்தேர்வுச் சராசரி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தது என்று காட்டுவது உதவும், ஆனால் போதாது. இன்று ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு செடிகளில் ஒன்று வேகமாக வளரும் ரகமாக இருக்கலாம். தேர்வும் முதிர்ச்சியும் சேர்ந்த அச்சுறுத்தல் என்பது இதுதான், உங்கள் வடிவமைப்பின் உண்மையான பலவீனம் அங்கேதான் இருக்கிறது. ‘அ’ பிரிவில் டியூஷன் போகிறவர்கள் எத்தனை பேர், ‘ஆ’ பிரிவில் எத்தனை பேர் என்ற ஒரு எண்ணிக்கை எடுத்தாலே அந்தப் பத்தி பாதி எழுதி முடிந்தது.

இரண்டு பிரிவுக்கும் பாடம் எடுத்தது யார்? நீங்களே இரண்டுக்கும் எடுத்திருந்தால், செயல்வழி வகுப்புக்குப் போகும்போது இருந்த உற்சாகம் மற்ற வகுப்பிலும் இருந்ததா என்று மனச்சாட்சியைக் கேளுங்கள். ‘ஆ’ பிரிவுக்கு வேறு ஆசிரியர் எடுத்திருந்தால் லனார்க்ஷயர் பால் கதைதான்: ஒப்பிடுவது முறையையா, ஆசிரியரையா? பின்தேர்வுத் தாளை நீங்களே திருத்தியிருந்தால், பிரிவு தெரியாதபடி பெயரை மடித்து வைத்து வேறொருவரைத் திருத்தச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது.

அப்புறம், கசிவு. இரண்டு பிரிவும் ஒரே மைதானத்தில் விளையாடுகிறது, ஒரே பேருந்தில் வீட்டுக்குப் போகிறது. ‘அ’ பிரிவில் செய்த சோதனையை, மாதிரியை ‘ஆ’ பிரிவுப் பிள்ளை மதிய இடைவேளையில் பார்த்திருப்பான். அது வித்தியாசத்தைக் குறைக்கும். ‘எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை’ என்று ‘ஆ’ பிரிவு மனம் விட்டுப்போயிருந்தால் வித்தியாசம் கூடும். அந்த வகுப்பாசிரியர் ரோஷப்பட்டுக் கூடுதல் வகுப்பு எடுத்திருந்தால் மறுபடி குறையும். உங்கள் பள்ளியில் இவற்றில் எது நடந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். நடந்ததை எழுதுங்கள், எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்பதையும் சேர்த்து. நடக்காதவற்றையெல்லாம் அட்டவணையிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டாம். தேர்வாளருக்கு அது பார்த்ததும் தெரியும்.

முன்தேர்வு எழுதி, பின்தேர்வு எழுதாதவர்கள் இரண்டு பிரிவிலும் எத்தனை பேர் என்று நீங்கள் கேள்வியில் சொல்லவில்லை. அந்த எண்ணையும், அவர்களுடைய முன்தேர்வு மதிப்பெண்ணையும் தனியாக ஒரு சின்ன அட்டவணையாகப் போட்டு எடுத்துக்கொண்டு வழிகாட்டியிடம் போங்கள்.